முப்பது கிலோவுக்கு மேல்

மாயவரத்துக்காரனுக்கு வெளிநாடு போக பாஸ்போர்ட் தேவையில்லை. காரைக்கால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பூவம் வரும்வரை தூங்காமல் இருந்தால் போதும். அதைத் தாண்டியதும் போலீஸ்காரரின் தொப்பி மாறும், கடைகளின் பெயர்ப்பலகை மாறும், பஸ்ஸில் கூட வந்த ஆண்களின் முகத்தில் ஒரு தனிக்களை வந்துவிடும். எங்கள் பக்கம் அப்போது மதுவிலக்கு. எழுபதுகளின் கடைசியில் நானும் என் மகள் கோமதியும் அந்த வெளிநாட்டுக்கு மூன்று நாள் பயணம் போனோம். நான் போனது குடிக்க இல்லை என்பதை எங்கள் தெருவில் இன்றுவரை பாதிப்பேர் நம்பவில்லை. போனது ஜுஜுட்சு போட்டிக்கு.

எங்கள் தெருவில் இந்த மாதிரி எல்லாவற்றுக்கும் கராத்தே என்றே பெயர். "பொண்ணு எத்தனை ஓடு உடைப்பா?" என்று கேட்பார்கள். ஓடெல்லாம் உடைக்க மாட்டாள். எதிராளியின் சட்டையைப் பிடித்து, காலை வாரி, கீழே சாய்த்து, எழுந்திருக்க விடாமல் அமுக்கிப் பிடிப்பதுதான் வித்தை. பிடியில் மாட்டியவருக்குத் தாங்கவில்லை என்றால் கையால் தரையைத் தட்ட வேண்டும். தட்டினால் அந்த நொடியே விட்டுவிடுவார்கள். தட்டியவர் தோற்றவர். அவ்வளவுதான் சட்டம். கோமதி படித்த பெண்கள் பள்ளியில் ரெஜினா டீச்சர் என்று ஒருவர் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவர் காரைக்காலில் பிறந்து வளர்ந்தவர். அங்கே கற்றுக்கொண்டதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் மணல் பரப்பிச் சொல்லிக்கொடுத்தார்.

காரைக்காலுக்கு முந்தி தஞ்சாவூரில் ஒரு போட்டி நடந்தது. அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரே பிரிவு. பதினோரு வயது கோமதியைக் கொண்டுபோய், எங்கள் கடைக்கு வரும் கோதுமை மூட்டை கனத்துக்கு இருந்த ஒரு பெண்ணோடு நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் இவள் கையை மடக்கிப் பிடித்தாள். இவள் தட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நடுவர்தான் பயந்துபோய் விலக்கிவிட்டார். போட்டிக்குப் போட்ட வெள்ளை உடுப்போடு தோள் வீங்கி வீடு வந்தவள் இரண்டு நாள் சோற்றில் கை வைக்கவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. என் மனைவி சரசு எண்ணெய் தேய்த்து உருவிவிட்டபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னொரு தடவ புள்ள இந்தக் கோலத்துல வந்துச்சுன்னா, அந்த வெள்ள உடுப்ப அடுப்பு தொடைக்க வச்சுருவேன். அதோட சரி." சரசு சொன்னால் சொன்னதுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதில் மாற்றம் கிடையாது.

அதனால் காரைக்கால் போட்டியில் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு பிரிவு என்று கேள்விப்பட்டதும் எனக்கு உயிர் வந்தது. முப்பது கிலோவுக்குக் கீழே ஒன்று, முப்பதுக்கு மேலே ஒன்று. ரெஜினா டீச்சர் வீட்டில் கல்யாணம் இருந்ததால் அவரால் வரமுடியவில்லை. எந்தப் பிரிவு என்று என்னையே பார்த்து முடிவு செய்துகொள்ளச் சொன்னார். எடை விஷயத்தை என்னிடம் விட்டது பொருத்தம்தான். நான் கூட்டுறவு ரேஷன் கடையில் எடை போடுகிறவன். ஊரில் பாதி வீட்டுச் சாபம் என் தராசு மேல்தான் விழும். ஒருநாள் கடையைச் சாத்தியதும் கோமதியைத் தட்டில் ஏற்றி நிறுத்தினேன். முப்பதுக்குக் கால் கிலோ குறைவு. கீழ்ப் பிரிவு. மேல்பிரிவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் கவலையெல்லாம் பிள்ளை ஜெயித்து, முகம் வாடாமல் வீடு திரும்பவேண்டும் என்பதுதான். தோற்றால் அவளுடைய ஜுஜுட்சு அத்தோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். பூவம் எல்லையில் பஸ் டயர் வெடித்தது. வெடிப்பதற்கு அதைவிட நல்ல இடம் டிரைவருக்கே கிடைத்திருக்காது. ஸ்டெப்னி மாட்டி முடிப்பதற்குள் ஆண்பயணிகளில் பாதிப்பேர் இறங்கி நடந்து வெளிநாட்டுக்குள் போய்விட்டார்கள். கண்டக்டர் விசில் ஊதி ஊதிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. பக்கத்து சீட்டில் கருவாட்டுக் கூடையோடு இருந்த அம்மாள், போனவர்களில் தன் வீட்டுக்காரரும் உண்டு என்றும், அவர் திரும்பி வராவிட்டால் நிம்மதி என்றும் என்னிடம் சொன்னார். கோமதி சிரித்தாள். தஞ்சாவூருக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். அந்த அம்மாளுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

வெளியூர்ப் பிள்ளைகளை அந்த ஊர் வீடுகளில் தங்கவைத்தார்கள். எங்களுக்கு வாய்த்தது காதர் பாய் வீடு. அவர் குவைத்தில் வேலை பார்க்கிறவர், விடுமுறையில் வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்து என் பையைப் பிடுங்கித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டார். அவருக்கு நஜ்மா என்று ஒரே மகள். அவளுக்கும் பதினோரு வயது, அவளும் ஜுஜுட்சு கற்கிறவள். ஆனால் ஒல்லி. எங்கள் கடைத் தட்டில் நிறுத்தினால் இருபத்தெட்டைத் தாண்டமாட்டாள் என்று பார்த்ததுமே கணக்குப் போட்டுவிட்டேன். தொழில் புத்தி எங்கே போகும்?

இரண்டும் முதல் அரைமணி நேரம் ஒன்றையொன்று முறைத்தன. அப்புறம் நஜ்மாவின் பச்சைப் பாவாடையைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது. விளக்கு வைப்பதற்குள் ஒரே பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, எனக்குக் கேட்காத குரலில் பேசிக்கொண்டிருந்தன. பெண்பிள்ளைகள் சிநேகம் பிடிக்கிற வேகம் எனக்கு இன்றும் பிடிபடாத சங்கதி.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். அந்த வீட்டு அம்மாளை நான் பார்க்கவில்லை. முன்கட்டுக்கும் அடுக்களைக்கும் நடுவில் பூப்போட்ட திரை தொங்கியது. திரையின் ஓரத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை தட்டோடு நீளும், காதர் பாய் வாங்கி வைப்பார். நெய்ச்சோறு வந்தது. கறி ஆணம் வந்தது. எங்களூரில் குழம்பு என்பதை அவர்கள் ஆணம் என்கிறார்கள். பேரை மாற்றினால் ருசி இவ்வளவு கூடுமா என்று யோசித்தேன். பட்டினச்சேரியிலிருந்து அன்று காலை வந்த கொடுவா மீன் வந்தது. கடைசியாக வட்டலப்பம் வந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து ஆவியில் வேகவைத்த பதார்த்தம். கோமதி முதல் துண்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். முப்பதுக்குக் கால் கிலோதான் குறைவு என்பது ஞாபகம் வந்தது. போதும் என்று கண்ணைக் காட்டினேன். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "புள்ளைய வைய்யாதீங்கண்ணே, வளர்ற வயசு." இன்னொரு துண்டும் வந்தது. விருந்தாளி வீட்டில் கைகழுவும்வரை தட்டில் விழுந்துகொண்டே இருப்பதுதான் அந்த ஊர் வழக்கம். எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம், ஆனால் எங்களுக்கு இவ்வளவு நெய் கட்டுப்படியாகாது.

சாப்பிட்டு முடித்து காதர் பாய் வெற்றிலை மடித்துக்கொண்டே தன் குறையைச் சொன்னார். நஜ்மா இதற்குப் போவது அவருடைய அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அவர் குவைத்தில் இருக்கும்போது வீட்டுக்குப் பெரியவர் அண்ணன்தான். கெஞ்சிக் கூத்தாடி இந்த ஒரு போட்டிக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். அடுத்த மாதம் அவர் திரும்பிப் போகவேண்டும். நான் தலையை ஆட்டிக் கேட்டேன். உண்மையில் என் மனசு வேறு ஒரு கணக்கில் இருந்தது. கீழ்ப் பிரிவில் நஜ்மாவும் கோமதியும் மோதினால் கோமதி ஜெயித்துவிடுவாள். அந்த வீட்டு நெய்ச்சோற்றை விழுங்கிக்கொண்டே இப்படிக் கணக்குப் போட்டேன். பெற்றவன் புத்தி அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் போட்டி நடத்துகிற லூர்துசாமி கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் முசே என்றார்கள், நானும் முசே என்றேன். ஐயா என்பதற்கு அந்த ஊரில் மிச்சமிருந்த பிரெஞ்சு மரியாதை அது. மாதா கோவில் கூடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். தேங்காய் நார் மெத்தைகளை வரிசையாகப் போட்டு, மேலே லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டித் தைத்திருந்தார்கள். கோமதி வெறுங்காலோடு அதன்மேல் ஏறி ஒரு குதி குதித்தாள். எங்கள் ஊர் மணலில் விழுந்து விழுந்து முட்டி தேய்ந்த பிள்ளை. தார்ப்பாயைக் கையால் தடவிப் பார்த்தாள்.

எடை பார்ப்பது சாயங்காலம். அதுவரை பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போனோம். வழியில் பேக்கரியில் முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி வாங்கி, காதர் பாய் இரண்டாக ஒடித்து இருவர் கையிலும் கொடுத்துவிட்டார். நான் தடுப்பதற்குள் பாதி போய்விட்டது. மத்தியானம் இறால். அதைப் பற்றி எழுதினால் இப்போதும் பசிக்கும், விட்டுவிடுகிறேன்.

கூடத்தில் ஒரு மண்டியிலிருந்து இரவல் வாங்கிய மூட்டைத் தராசு. எடை போடுகிறவன் என்பதால் முதலில் நானே குனிந்து முள்ளைப் பார்த்தேன், தரை மட்டமா என்று காலால் அழுத்திப் பார்த்தேன். தராசில் ஒரு குற்றமும் இல்லை. நஜ்மா இருபத்தெட்டு. கோமதி ஏறினாள். முப்பதும் கொஞ்சமும். நான் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். லூர்துசாமி இன்னொரு தடவை பார்த்தார்.

"முப்பதரைதாங்க. இது உங்க கடைத் தராசு இல்ல, உள்ளத உள்ளபடி காட்டும்" என்றார். கூடமே சிரித்தது.

சிரித்து முடித்து அவரே ஒரு வழியும் சொன்னார். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் ஒரு தடவை திரும்ப எடை பார்க்கலாம், குறைந்திருந்தால் கீழ்ப் பிரிவு, இல்லாவிட்டால் மேல்பிரிவு. மேல்பிரிவில் யார் என்று கேட்டேன். சுவரோரம் சாய்ந்து நின்ற ஒரு பெண்ணைக் காட்டினார். சில்வி. பிரான்ஸில் குடியேறிய காரைக்கால் குடும்பத்துப் பிள்ளை, லீவுக்கு வந்திருக்கிறாள். அங்கே ஐந்து வயதிலிருந்து பயிற்சி. கோமதியைவிட ஒரு தலை உயரம். என் கண்ணுக்கு அவள் தஞ்சாவூர்ப் பெண்ணாகத்தான் தெரிந்தாள்.

அன்று இரவு கோமதிக்கு அரைத் தம்ளர் கஞ்சி, அவ்வளவுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். காதர் பாய் கெஞ்சினார். திரைக்குப் பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தத்திலேயே அந்த அம்மாளின் மனத்தாங்கல் தெரிந்தது. தன் வீட்டில் ஒரு பிள்ளை பசியோடு படுப்பதா? கோமதி மட்டும் ஒன்றும் சொல்லாமல் கஞ்சியைக் குடித்துவிட்டு, நஜ்மாவின் பாயில் போய்ப் படுத்துக்கொண்டாள். சமர்த்து என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் கோமதி தராசில் ஏறினாள். முப்பத்தொன்றரை.

பதினைந்து வருஷம் எடை போட்டிருக்கிறேன். அரிசியில் தண்ணீர் தெளித்தால் கூடும், சர்க்கரை காற்றுப்பட்டால் கூடும். அரைத் தம்ளர் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிய பிள்ளை ஒரு கிலோ கூடுமா? தராசை மறுபடி சோதித்தேன், பக்கத்திலிருந்த படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு சரிதான். லூர்துசாமிக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும். போட்டி தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது, நாலு சுற்று ஓடவிட்டு வேர்க்கவைத்தால் இறங்கினாலும் இறங்கும் என்றார். கோமதியை மாதா கோவில் வளாகத்தில் ஓடச் சொன்னேன். கோபத்தில் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. வேர்ப்பதற்கு ஒரு கம்பளி வேண்டுமென்று காதர் பாய் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தேன்.

முன்கட்டில் நின்று கம்பளி கேட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து கம்பளியோடு கை மட்டும் நீண்டது. நான் வாங்கிக்கொள்ளும்போது அந்தக் கை விடவில்லை.

"அண்ணே, கோவிக்காதீங்க. சொல்லக் கூடாதுன்னு உங்க புள்ள என்கிட்ட சத்தியம் வாங்கிருக்கு. ஆனாலும் சொல்லாம இருந்தா எனக்கு நெஞ்சு வேகாது. விடியறதுக்கு முன்ன சுபுஹு தொழ எந்திரிச்சு வந்தேன். புள்ள அடுக்களையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்குது. பசிக்குதாம்மான்னேன். இல்லங்குது. அழுதுக்கிட்டே சாப்பிடுது."

அவரே மீதியையும் சொன்னார். நஜ்மாவின் பெரியவாப்பா, அதுதான் காதர் பாயின் அண்ணன், தோற்றால் நஜ்மா இனி அந்தக் கூடத்துப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். இன்று அவர் நேரில் பார்க்க வரப்போகிறார். இதை நஜ்மா கோமதியிடம் பாயில் படுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். கீழ்ப் பிரிவில் நின்றால் முதல் போட்டியே இவர்கள் இரண்டு பேருக்கும்தான்.

கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். வரும்போது இருந்த வேகம் இல்லை. பிள்ளை அழுதுகொண்டே சாப்பிட்டாள் என்பது நெஞ்சை அறுத்தது. சரசு கோமதிக்கும் ஒரு சட்டம் போட்டிருக்கிறாளே, அது இவளுக்குத் தெரியாதா? தெரியும். இவள் எதிரில்தானே சொன்னாள்.

கோமதி இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். வெள்ளை உடுப்பு முதுகில் ஒட்டியிருந்தது. கூப்பிட்டேன். மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"எவ்வளவு தண்ணி குடிச்ச?"

தரையைப் பார்த்தாள். "ரெண்டு சொம்புப்பா."

"அப்புறம்?"

"பழைய சோறு. அப்புறம் வட்டலப்பம் மூணு துண்டு." வட்டலப்பத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தணிந்தது.

"தோத்துட்டு வந்தா அம்மா என்ன செய்வான்னு தெரியும்ல?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா?"

அவள் கழுத்து வேர்வையைச் சட்டைக் கையால் துடைத்தாள். "அம்மாகிட்ட பேசுறதுக்கு எனக்கு நீங்க இருக்கீங்கப்பா. நஜ்மாவோட வாப்பா அடுத்த மாசம் போயிருவாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதா கோவில் வாசலில், பூசை முடிந்து போகிறவர்கள் பார்க்க, கம்பளியை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கம்பளி குத்துகிற குத்துக்கு யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும் என்று இருந்துவிட்டேன். ஊரையே எடை போடுகிறேன் என்று பேர். என் வீட்டுப் பிள்ளையின் கனம் எனக்குத் தெரியவில்லையே.

இன்னும் நேரம் இருந்தது. ஓடவிட்டால் ஒன்றரை கிலோ இறங்கியிருக்குமோ என்னவோ தெரியாது. மேல்பிரிவு என்றால் சில்வி. வீங்கிய தோள் கண்முன்னே வந்தது. வேண்டாம், போட்டியே வேண்டாம், ஊருக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து அவள் இடுப்புக் கச்சையை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன்.

"மேல்பிரிவிலேயே நில்லு. ஆனா ஒண்ணு. தாங்கலன்னா தட்டணும். தஞ்சாவூர் மாதிரி பல்லைக் கடிச்சுக்கிட்டு கெடக்கக் கூடாது."

"தட்டுவேன்."

"என் தலைல அடிச்சு சொல்லு."

அடித்தாள். கொஞ்சம் பலமாகவே அடித்தாள்.

கீழ்ப் பிரிவு முதலில் நடந்தது. கோமதி இல்லாததால் நஜ்மாவுக்கு எதிராக நாகூரிலிருந்து வந்த ஒரு சின்னப்பெண். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்பதுபோல் ஒரு பெரியவர் நின்றார். வெள்ளை வேட்டி, தொப்பி. காதர் பாயின் முகம் வெளிறியதிலிருந்து அவர்தான் அண்ணன் என்று தெரிந்தது. நஜ்மா முதலில் ஒரு தடவை சறுக்கினாள். என் பக்கத்தில் கோமதி என் கையை நகம் பதிய அழுத்தினாள். அப்புறம் நஜ்மா அந்தப் பெண்ணின் காலை வாரிச் சாய்த்து, மேலே விழுந்து பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நடுவர் கையைத் தூக்கியதும் கோமதிதான் கூடத்தில் முதலில் கை தட்டினாள்.

பெரியவர் தம்பியிடம் வந்து, "வீட்டுலயும் இதத்தான் பண்ணிக்கிட்டு இருக்கா, ஒரு எடத்துல ஒழுங்கா பண்ணட்டும்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். காதர் பாய் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அவருக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அடுத்தது கோமதி. சில்வி வணங்கிவிட்டு நேராக வந்து சட்டையைப் பிடித்தாள். கோமதி பின்னால் போனாள், இன்னும் பின்னால் போனாள், திடீரென்று உட்காருவதுபோல் தாழ்ந்து உள்ளே புகுந்தாள். ஒரு தலை உயரமான பெண் தார்ப்பாயில் தொப்பென்று விழுந்தாள். கூடம் ஹோ என்றது. சில்வியும் விழுந்த இடத்திலிருந்தே ஆச்சரியமாகப் பார்த்தாள், பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நன்றாயிருக்கிறது என்று சொன்னாளாம், லூர்துசாமி பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் ஏமாறவில்லை. கோமதியைச் சாய்த்தாள், கையை மடக்கினாள். அதே கை. அதே தோள். நான் எழுந்துவிட்டேன். கோமதி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னொரு கையால் தார்ப்பாயைத் தட்டினாள், இரண்டு தடவை, சத்தமாக. சில்வி உடனே விட்டுவிட்டாள். தோற்றுவிட்டாள் என் பிள்ளை. எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது.

எழுந்து, வணங்கி, ஓடிவந்து என்னைத் தாண்டிப் போய் நஜ்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பனுக்கு அங்கே வேலையில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தூக்குப் போணி வந்தது. கூடவே குரலும் வந்தது. "அண்ணே, இனிமே எடை பாக்க வேண்டாம். தைரியமா சாப்பிடச் சொல்லுங்க." பஸ் ஸ்டாண்ட் வரை நஜ்மா சைக்கிள் பின்சீட்டில் வந்தாள். இரண்டும் அழவில்லை, அடுத்த வருஷம் என்ன நிறத்தில் பாவாடை என்று பேசிக்கொண்டிருந்தன.

பூவம் தாண்டியதும் எங்கள் பக்கத்து மதுவிலக்குப் போலீஸ் பஸ்ஸில் ஏறியது. ஒரு போலீஸ்காரர் ஒவ்வொருவர் வாயாக மோந்துகொண்டே வந்தார். போணியைத் திறக்கச் சொன்னார், வட்டலப்பத்தை மோந்தார். பையிலிருந்த வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பார்த்து இது யாருடையது என்றார். கோமதி தன்னுடையது என்றாள், போட்டிக்குப் போனதைச் சொன்னாள், தோற்றதையும் மலர்ந்த முகத்தோடு சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வழியா இவ்வளவு சந்தோஷமா திரும்புறவங்கள நான் புடிச்சு எறக்கித்தான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

அவள் என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. சரசுவிடம் என்ன பேசுவது, எங்கே தொடங்குவது, அவள் குறுக்கே பேசினால் எப்படிச் சமாளிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்கு நான் இருக்கிறேன் என்று நம்பித்தானே பிள்ளை இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள்?

கதவைத் திறந்த சரசு என்னைப் பார்க்கவில்லை. கோமதியின் முகத்தைப் பார்த்தாள். தோளைத் தொட்டு, கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தாள்.

"ஜெயிச்சியா?"

"இல்லம்மா, தட்டிட்டேன்" என்றாள் கோமதி. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, பசிக்குது. என்னம்மா இருக்கு?" என்றாள்.

சரசு உள்ளே போய்த் தட்டு வைத்தாள். நான் சேர்த்துவைத்திருந்த பேச்சுக்கு வேலையே வரவில்லை. கோமதி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சரசு பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் கடைக்குக் கிளம்பும்போது கொல்லைக் கொடியில் அந்த உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. சரசு நீலம் போட்டு அலசியிருந்தாள்.